அழுகலைப் பொறுக்கிய மத்தியானம்

உலகத்தில் வேறெங்கும் திராட்சை வளர்க்கிறவன், பழத்தில் பூசணம் பிடித்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான். பிரான்சில் சிரோன் ஆற்றங்கரையில் பூசணம் பிடிக்காவிட்டால்தான் தலையில் கை. அதற்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள்கூட உண்டு. தெயோபில் தாரிக்கோவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த அக்டோபரில் மூன்று மெழுகுவத்தி ஏற்றியிருந்தான். மூன்றாவதை ஏற்றும்போது பாதிரியார் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"தெயோ, உன்னைக் கோயிலுக்குள்ள பாத்து பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்பா சாவுக்கு வந்தேன், சாமி."

"இப்ப யாரு?"

"இன்னும் சாகல. அதுக்குத்தான் மெழுகுவத்தி."

சாகக் கிடந்தது தோட்டம்.

விடியற்காலையில், குளிர்ந்த சின்ன ஆறு வெதுவெதுப்பான பெரிய ஆற்றில் போய் விழும் இடத்திலிருந்து பனிமூட்டம் கிளம்பும். மேடேறி வந்து கொடிகளுக்குள் நுழைந்து பழத்தை நனைக்கும். மத்தியானம் வெயில் வந்து துடைக்கும். இப்படி நனைத்தும் துடைத்தும் நாலு வாரம் போனால் பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படரும். அது தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, இனிப்பை மட்டும் விட்டுவைக்கும். பழம் சுருங்கிப் பழுப்பேறி, எலி கடித்துத் துப்பியது போல ஆகிவிடும். பார்த்தால் குமட்டும், பிழிந்தால் தேன். அதே பூசணத்தின் மேல் ஒரு பெருமழை பெய்தால் இரண்டு நாளில் புளித்து வினிகர் நாறும். நல்ல அழுகலுக்கும் கெட்ட அழுகலுக்கும் நடுவே ஒரு மழைதான் தூரம். இப்படியொரு தொழிலை எந்த மடையன் கண்டுபிடித்தான் என்று தெயோபில் அடிக்கடி கேட்டுக்கொள்வான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா என்பதுதான் சங்கடம்.

முந்தின முந்தின வருஷம் ஏப்ரலில் உறைபனி வந்து தளிரையெல்லாம் கருக்கிவிட்டுப் போனது. முந்தின வருஷம் ஜூனில் ஆலங்கட்டி. மொத்தம் பதினோரு நிமிஷம், இலைகூட மிஞ்சவில்லை. இந்த வருஷம் செப்டம்பர் மழையில் கீழ்க்கொல்லை முழுக்கக் கெட்ட அழுகலாகிவிட்டது. மிஞ்சியது மேட்டுக்கொல்லை. இருபத்திரண்டு வரிசை, கூழாங்கல் மண், தண்ணீர் தங்காது. அதில் மட்டும் பூசணம், சொல்லிவைத்தது போல, அழகாகப் படர்ந்திருந்தது.

அதில் ஒயின் வந்தாக வேண்டும். வராவிட்டால் தோட்டத்தை விற்றுவிடுவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

அக்கா சொலான்ஷ், லாங்கோனில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்து நாலு, தம்பியைவிட ஐந்து மூப்பு. அப்பா செத்ததிலிருந்து நிலமும் வீடும் பிரிக்காமல் இருவர் பேரிலும் இருந்தன. தம்பி உழைத்தான், அக்கா காத்திருந்தாள். ஈஸ்டர் சாப்பாட்டுக்குப் புருஷன் மர்செலோடு வந்தவள் ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "மூணாவது வருஷமும் ஒயின் இல்லேன்னா வித்துடலாம் தெயோ. நவம்பர் ஒண்ணு வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது." வாங்குவதற்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெரிய தோட்டக்காரர்கள் தயாராக இருந்தார்கள். அவர்கள் வாசலில் சரளைக்கல்லைக்கூடத் தினமும் சீப்பால் வாருவது போல வாருவார்கள். தெயோபிலின் வீட்டை விருந்தினர் விடுதி ஆக்கப்போவதாகக் கேள்வி. "உங்களையும் வச்சுக்குவாங்க," என்று தபால்காரன் ஆறுதல் சொன்னான். "பழங்காலத்து விவசாயின்னு வாசல்ல நிக்க வச்சா வெளிநாட்டுக்காரங்க படம் எடுத்துக்குவாங்க."

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி காலை வானிலை அறிக்கை, கடலிலிருந்து மழை கிளம்பிவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சேரும், ஆறு நாள் தங்கும் என்றது. விருந்தாளி வருவது போலச் சொன்னார்கள். தெயோபில் மேட்டுக்கொல்லைக்கு ஏறிப்போய் ஒரு குலையை மூக்கருகில் பிடித்தான். காளான், காய்ந்த அத்திப்பழம், கொஞ்சம் தேன். அறுப்பு இன்றைக்கு; இன்றைக்கு இல்லையென்றால் இல்லவே இல்லை.

அறுப்பதற்குத்தான் ஆள் இல்லை. நல்ல அழுகலை மோந்து பார்த்தே எடுக்கத் தெரிந்த ஊர்ப் பெண்களெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பெரிய தோட்டத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு. ஆள் பிடித்துக் கொடுத்தவள் சொலான்ஷ்தான். பழைய சிநேகிதி ஒருத்தி மூலமாக, இரண்டு ஆற்றுக்கும் அப்பால் சிவப்பு ஒயின் சீமையிலிருந்து பதினெட்டுப் பேர். அங்கே அறுப்பு போன வாரமே முடிந்திருந்தது.

பனி விலகிப் பழம் உலர்ந்த பிறகு, பதினொன்றரை மணிக்கு இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். தலைவி ரெய்மோந்த் புஷரோ. அறுபது வயது, கதவை அடைக்கிற உடம்பு, இடுப்பில் கத்தரி உறை. பின்னால் ஆர்லிந்து என்கிற போர்ச்சுகல்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தான்.

தெயோபில் தொண்டையைச் செருமினான். "மதாம், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பழத்தைப் பத்தி ஒண்ணு…"

ரெய்மோந்த் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "முசியே, நான் முப்பத்திரண்டு அறுப்பு பாத்தவ. கத்தரியை எந்தப் பக்கம் புடிக்கணும்னு சொல்லித் தரப்போறீங்களா?"

பதினேழு பேரும் சிரித்தார்கள். தெயோபிலும் சிரித்தான். அவனிடம் இருந்த கோளாறே அதுதான். நாலு பேர் சிரித்தால் ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்வான், சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்றாலும். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டு, "மன்னிக்கணும் மதாம், வேலை தெரிஞ்சவங்ககிட்ட நான் ஒருத்தன்," என்றான். தவிர, இதையெல்லாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா? இந்தச் சீமைக்கு அறுக்க வருகிறவருக்கு எதை அறுக்க வேண்டும் என்று தெரியாமலா இருக்கும்?

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி கிஸ்லேன் கொட்டகை வாசலிலிருந்து கூப்பிட்டாள். பிழியும் எந்திரத்தின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில் ரப்பருக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. பிழிய முடியாவிட்டால் அறுத்து என்ன பயன்? தெயோபில் வண்டியை எடுத்துக்கொண்டு லாங்கோனுக்குப் பறந்தான்.

கடையில் அந்த அளவு வளையம் இல்லை. அடுத்த ஊர்க் கடையில் இருந்தது, ஆனால் கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான். பிரான்சில் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து ஒரு மனிதனை எழுப்புவதைவிடச் செத்தவனை எழுப்புவது சுலபம். அவன் பாலாடைக்கட்டியையும் முடித்துவிட்டு வந்து கடை திறக்கும்வரை தெயோபில் வாசல்படியில் உட்கார்ந்து மேற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு சாம்பல் கோடு இருந்தது.

திரும்பி வரும்போது மணி இரண்டாக இருந்தது.

மேட்டுக்கொல்லை ஓரத்தில் டிராக்டர் வண்டியில் பெட்டி பெட்டியாகப் பழம் அடுக்கியிருந்தது. பொன்னிறம். வெயில் பட்டு ஒவ்வொரு மணியும் விளக்கு ஏற்றிவைத்தது போல மின்னியது. தெயோபிலுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு அழகான பழத்தை அவன் தன் தோட்டத்தில் பார்த்ததே கிடையாது.

அப்புறம்தான் கொடிகளுக்கு அடியில் பார்த்தான்.

வரிசை நெடுக, கூழாங்கல் மேலும் புல் மேலும், பழுப்பும் சாம்பலுமாக, வெட்டி எறிந்த அழுகல் கிடந்தது. ஒவ்வொரு குலையிலிருந்தும் கத்தரி நுனியால் நாசூக்காக நறுக்கி எடுத்த துண்டுகள். முப்பத்திரண்டு அறுப்பின் சுத்தம் அதில் தெரிந்தது.

ரெய்மோந்த் முதுகை நிமிர்த்தி வந்தாள். முகத்தில் பெருமை. "பத்தொம்பது வரிசை முடிஞ்சுது முசியே. இவ்ளோ அழுகலை நான் எங்கயும் பாத்ததில்ல, உங்களைக் குறை சொல்லல, வருஷம் அப்படி. ஆனா ஒரு அழுகல்கூட உள்ள போகல. வேணும்னா பெட்டியைக் கொட்டிப் பாருங்க."

தெயோபில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன முசியே, என்ன குறை?"

"குறையே இல்ல மதாம்." அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நீங்க கீழ போட்டீங்களே, அதுதான் ஒயின்."

ஆர்லிந்து சிரித்தான். முதலாளி வேடிக்கைப் பேர்வழி என்று வேனிலேயே சொல்லியிருந்தார்கள் போல. பிறகு தெயோபிலின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"இது பூசணம்," என்றாள் ரெய்மோந்த்.

"ஆமா."

"இதையா பிழியறீங்க?"

"இதை மட்டும்தான்."

"இதையா குடிக்கறீங்க?"

"நாங்க எங்க குடிக்கறது, கட்டுப்படியாகாது. குடிக்கறவங்க வேற இருக்காங்க."

"எங்க ஊர்ல இதைப் பன்னிக்குக்கூடப் போட மாட்டோம்," என்றான் ஆர்லிந்து, தனக்குள் சொல்வது போல. யாரும் சிரிக்கவில்லை. பதினெட்டுப் பேரும் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகக் காலைத் தூக்கி, மிதித்துக்கொண்டிருந்ததிலிருந்து நகர்ந்து நின்றாள்.

தெயோபில் எழுந்து வரிசைக் கோடிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான். என்ன பேசினான் என்பது பிற்பாடு அவனுக்கே சரியாக நினைவில்லை. "வேணும்னே பண்ணிட்டே" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "விக்கணும்னு இவ்ளோ ஆசைன்னா நேரா சொல்லியிருக்கலாமே, இப்படி ஆள் வச்சு என் குடலை அறுத்து மண்ணுல போட்டிருக்க வேண்டாம்" என்றும் சொன்னான். பிறகு இணைப்பு போய்விட்டது.

அவனுக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமாக, ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: பத்தொன்பது வரிசை அழுகல் தரையில், மூன்று வரிசை கொடியில், மழைக்கு மூன்று மணி நேரம். எப்படிப் போட்டாலும் பூஜ்யம் வந்தது. பேசாமல் எல்லாரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, நோட்டரி அலுவலகத்துக்குப் போய், மழை வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் நனையாமலாவது வீடு திரும்பலாம் என்று தோன்றியது.

கொட்டகையிலிருந்து கிஸ்லேன் வந்தாள். எந்திரத்தைக் கழுவிய தண்ணீர் இடுப்பில் கட்டியிருந்த துணியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நின்று பெட்டிகளைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். நடந்ததை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வளையம் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"மழை எப்போ?"

"அஞ்சு."

"இப்ப ரெண்டேகால். அழறதா இருந்தா அஞ்சுக்கு அப்புறம் அழு." அவள் மண்டி போட்டாள். ஒரு துண்டை எடுத்து ஊதினாள். கூழாங்கல் மண் ஆதலால் ஒட்டவில்லை, பொடிதான் பறந்தது. மோந்து பார்த்துவிட்டு வாளியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

ரெய்மோந்த் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரை ஏறியிருந்தது. கத்தரியை உறைக்குள் செருகினாள்.

"குனிஞ்சு போட்டது நாங்க," என்றாள். "எடுக்கறதுக்கும் எங்களுக்கு முதுகு இருக்கு. முசியே, காலைல என்னமோ சொல்ல வந்தீங்களே. இப்ப சொல்லுங்க. நான் வாயத் தொறக்கல."

தெயோபில் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக, சிரிக்கவைக்க முயலாமல், ஒன்றை முழுசாகச் சொன்னான். சாம்பல் பூத்துச் சுருங்கியது வேண்டும். மூக்கருகில் வை. அத்தி, தேன், காளான், எது வந்தாலும் வாளி. வினிகர் வந்தால் தூர எறி. காலால் நசுங்கியது வேண்டாம். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு. ஐந்து பேர் மிச்ச மூன்று வரிசைக்குப் போய் அழுகலை மட்டும் அறுத்து வா. நல்ல பழத்தைத் தொடாதே.

"எனக்கு ஜலதோஷம் முசியே," என்றான் ஆர்லிந்து. "ஒரு வாசனையும் தெரியாது."

"அப்ப நீ வாளி தூக்கு."

அந்த ஐந்து பேரும் ஆர்லிந்துவும் போக மற்ற எல்லாரும் நாலு காலில் இறங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏதோ புது மதம் போலத் தெரிந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் உண்மையாகவே பார்த்தார்கள். ஒருத்தி, "தெயோ, மோதிரத்தைத் தொலைச்சுட்டியா?" என்று கேட்டாள். "மானத்தைத் தொலைச்சுட்டேன், இங்கதான் எங்கயோ விழுந்துது," என்றான் அவன். அவர்களுக்குப் புரிந்ததும் சுவரின் மேல் தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உதவிக்கு வர அவர்களால் முடியாது. அன்றைக்கு அவர்கள் கை வேறொருவருக்கு விற்றுப்போயிருந்தது.

ஒவ்வொரு துண்டாக. எடு, ஊது, மோந்து பார், போடு. வாளி நிறையவே மாட்டேன் என்றது. சுருங்கின பழத்துக்குக் கனமும் கிடையாது, பருமனும் கிடையாது. அரை மணி நேரத்தில் தெயோபில் ஒரு வரிசையில் பாதி நகர்ந்திருந்தான். மேற்கே சாம்பல் கோடு இப்போது கோடாக இல்லை.

மூன்று மணிக்குச் சொலான்ஷின் கார் வந்து நின்றது. கறுப்புத் தோல் காலணி, கழுத்தில் பட்டுத் துணி. நாலு வருஷத்துக்கு முன் அவளுக்கு வலது முட்டியில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். மண்டி போட முடியாது. ஒரு காலிப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்து, தம்பி இருந்த வரிசைக்கு மறுபக்கம் போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டிக் குனிந்து எட்டிய வரை பொறுக்கினாள். பிறகு பெட்டியோடு ஒரு முழம் தள்ளி நகர்ந்தாள். பார்த்தவன் யாராக இருந்தாலும் சிரித்திருப்பான். தெயோபிலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வேணும்னே பண்ணேன்னு சொன்னியாமே," என்றாள், கொடிகளுக்கு ஊடாக.

"சொன்னியாமே என்ன? உங்கிட்டதானே சொன்னேன்."

"அதான். என் காதாலயே கேட்டேன், அப்பவும் நம்ப முடியல."

அவன் ஒரு துண்டை ஊதினான். "சிவப்புக்காரங்களுக்கு இது தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

"நீ சொல்லி அனுப்பியிருப்பேன்னு நான் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஆளுக்கு நாலைந்து துண்டு பொறுக்கினார்கள்.

"அப்பாவுக்குப் புத்துநோய்னு நமக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றாள் சொலான்ஷ்.

"சவப்பெட்டிக்காரன் சொன்னான்."

"ம். நல்ல குடும்பம்."

அவள் பெட்டியைத் தள்ளினாள். முட்டி வலித்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

"உனக்கு ஏன் அக்கா இவ்ளோ அவசரம்?" அதைக் கேட்டபோது அவன் குரலில் கோபம் வற்றியிருந்தது.

"அவசரமா? பதினோரு வருஷத்துக்குப் பேர் அவசரமா?" அவள் கையிலிருந்ததை மோந்து பார்த்து முகம் சுளித்துத் தூர எறிந்தாள். "மூணாவது மாடில இருக்கேன். லிஃப்ட் கெடையாது. இந்த முட்டியோட தெனம் அம்பத்துநாலு படி. மர்செலுக்கு ஜனவரிலேந்து இடது பக்கம் கை கால் சரியா வரல. அவரு கடைசியா கீழ எறங்கினது ஈஸ்டருக்கு, உங்க வீட்டுக்கு வந்தப்ப. ரெண்டு பேர் தூக்கி எறக்கினாங்க."

"நீ சொல்லவே இல்லயே."

"நீ கேக்கவே இல்லயே."

ஈஸ்டர் அன்றைக்கு மர்செல் காரை விட்டு இறங்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதும், "மாமா, கல்யாணப் பொண்ணு மாதிரி எறங்கறீங்க" என்று தான் கேலி செய்ததும் தெயோபிலுக்கு நினைவு வந்தது. மர்செலும் சிரித்தார். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு கையாலும் பொறுக்கினான்.

மழை ஐந்து மணிக்கு வரவில்லை. நாலு பத்துக்கே வந்துவிட்டது. வானிலைக்காரர்கள் சொன்னபடி நடக்காதது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

முதல் சொட்டு அவன் கழுத்தில் விழுந்தபோது ஆறு வரிசை பாக்கி இருந்தது. கிஸ்லேன், "மூடு, மூடு" என்று கத்திக்கொண்டு தார்ப்பாயோடு ஓடினாள். ரெய்மோந்த் தன் ஆட்களை விரட்டி வாளிகளை வண்டிக்குக் கொண்டுபோனாள். சொலான்ஷை ஆர்லிந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் வைத்தான். எல்லாரும் போன பிறகும் தெயோபில் மட்டும் போகவில்லை. இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று மண்டியிட்டபடியே போனான். மழை சரளையில் பட்டுத் தெறித்தது. ஊத வேண்டிய வேலை இப்போது இல்லை. மண்ணை மழையே கழுவிவிட்டது. மோந்து பார்த்தான், மழை வாசனைதான் வந்தது. இருந்தாலும் போட்டான். வாளியின் அடியில் அரை விரல் தண்ணீர் நின்றது.

கடைசியில் அந்த வாளியோடு கொட்டகை வாசலுக்கு வந்து நின்றான். எந்திரத்துக்குள் மற்றதையெல்லாம் கொட்டியாகிவிட்டது. கிஸ்லேன் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீரை வடித்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தான். ஒரு வாளிதானே, தெரியவா போகிறது என்று நினைத்தான். மழை குடித்த பழம் மற்றதன் இனிப்பையும் குலைத்துவிடும் என்பது அவனுக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். சொலான்ஷுக்கும் தெரியும். இருபது பேர் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போய் வாளியை ஓடையில் கவிழ்த்துவிட்டு வந்தான்.

சாறு வர வெகுநேரம் ஆனது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாத்திரம் கழுவின தண்ணீர் போல ஒரு பழுப்பு இழை, அறுபடாமல், எண்ணெய் இறங்குவது போல இறங்கியது. சிவப்புச் சீமைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். தெயோபில் ஒரு கண்ணாடிக் குழாயில் சாற்றை எடுத்து, இனிப்பு அளக்கிற அளவுகோலை மிதக்கவிட்டான். அது குழாயை விட்டே வெளியே குதிப்பது போல மேலே ஏறி நின்றது. கிஸ்லேன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா காலத்திலும் அவ்வளவு இனிப்பு அளந்ததில்லை.

ரெய்மோந்துக்கு ஒரு வாய் கொடுத்தான். அவள் வாயில் வைத்தபடியே நின்றாள். விழுங்க மனசு வரவில்லை.

"முப்பத்திரண்டு வருஷமா இதைக் கீழ போட்டிருக்கேன்," என்றாள் கடைசியில்.

"உங்க பக்கத்து அழுகல் வேற மதாம். அது வெறும் அழுகல்."

"ஆறுதல் சொல்லாதீங்க முசியே. திட்டுங்க. திட்டினா வேன்ல தூங்கிட்டாவது போவேன்."

"திட்டு வாங்கவேண்டியவன் நான். அதுக்கு என் பொண்டாட்டி நாள் குறிச்சு வச்சிருப்பா."

பூண்டு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். இந்த ஒயினுக்கு உதவாத பொன்னிறப் பழத்தையெல்லாம் ஆளுக்கு இரண்டு பெட்டியாக ஏற்றிவிட்டாள் கிஸ்லேன். அவர்கள் சீமையில் அறுப்பின் கடைசி வண்டிக்கு இலையும் பூவும் கட்டுவது வழக்கமாம். போவதற்கு முன் ரெய்மோந்த் மழையில் இறங்கி, இலை பழுத்த கொடி ஒன்றை ஒடித்து வந்து டிராக்டரின் மூக்கில் கட்டினாள். வண்டியில் காலி வாளிகள் மட்டுமே இருந்தன. யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

சாறு நின்றபோது வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது லிட்டர். பீப்பாய் ஒன்றுக்கு இருநூற்று இருபத்தைந்து வேண்டும். மூன்று பீப்பாய் கழுவி வைத்திருந்தான். மூன்றும் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. குறையான பீப்பாயில் ஒயினை வருஷக்கணக்கில் வைக்க முடியாது, காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். கொண்டுவந்து ஊற்ற வேறு சாறும் இல்லை. இந்தச் சாற்றை நம்பிப் பேர் போட்ட புட்டி கடைக்குப் போகாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டோடு குடிக்கலாம்.

தெயோபில் கவிழ்த்த பெட்டியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நோட்டரிக்கு நாளைக்குப் போன் பண்ணிடு அக்கா."

சொலான்ஷ் தன் காலணியைப் பார்த்தாள். தோல் பிய்ந்திருந்தது. "பண்றேன்."

கிஸ்லேன் எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பிறகு மறுபடி துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"வீடு போகட்டும்," என்றாள் சொலான்ஷ். "கீழ்க்கொல்லை போகட்டும். எனக்கு வேற வழி இல்ல தெயோ, சத்தியமா. ஆனா மேட்டுக்கொல்லையை விக்கறதில்ல. என் பங்குல கழிச்சுக்கறேன்."

"உனக்கு எதுக்கு அது? உன்னால மண்டி போடக்கூட முடியாது."

"நீ போடு."

"கூலிக்கா?"

"பின்ன, சும்மாவா போடுவே? சோம்பேறி."

அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வரிசையை வைத்துக்கொண்டு எங்கே குடியிருப்பது, எங்கே பிழிவது, எந்தப் பீப்பாயில் வைப்பது என்று அவன் மனம் ஓடியது. ஒவ்வொரு கேள்வியும் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கிஸ்லேனின் முதுகு அசையாமல் இருந்தது. அவள் அழுதாளா என்று அவன் பார்க்கத் துணியவில்லை. அப்புறம், பார்ப்பதற்காக எழுந்து போனான். அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"அஞ்சு மணி ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆறே முக்கால்."

"அப்ப சரி."

அவன் அவள் கையிலிருந்த துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். சாறு தொட்டியில் கிடந்தது. எப்படியும் அதை இரவுக்குள் எதிலாவது மாற்றியாக வேண்டும். பரணிலிருந்து வயிறு பெருத்த கண்ணாடிச் சாடிகளை இறக்கினார்கள். பிரம்புக் கூடு பின்னியவை, மூன்று. கிஸ்லேன் புனலைப் பிடித்தாள், தெயோபில் குவளையால் மொண்டு ஊற்றினான். மண்டி போட்டுப் போட்டு அவன் கை காலெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. ஒரு குவளை விளிம்பில் வழிந்து சாடியின் வயிற்றில் இழையாக ஓடியது.

சொலான்ஷ் பெட்டியிலிருந்து எழாமலே விரலை நீட்டி அதை வழித்து வாயில் வைத்தாள்.

"பாத்து ஊத்துடா," என்றாள். "அதுல பாதி என்னுது."